மலைக்கு மேல கியூஆர் இல்ல: கேமில அரிய சாமானுக்குக் காத்திருந்த கதைகள்

வெள்ளவத்தை அண்ணை:
2022 செப்டம்பர் 26, வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கிளாசிக் எண்ட ஒன்லைன் கேமில லிச் கிங் பகுதி வந்தது. எனக்கு ஒரே ஆசை, டைம்-லொஸ்ட் ப்ரோட்டோ-டிரேக். ஸ்டோர்ம் பீக்ஸ் மலைக்கு மேல சுத்துற டிராகன். அதைக் கொன்றால் அதில ஏறிப் பறக்கிற கடிவாளம் கட்டாயம் விழும், அதில அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்ல. ஆனா எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வந்தாலும் முதல் அடி அடிச்சவனுக்குத்தான். இதுக்குள்ள வைரகோசா எண்டு ஒரு நீல டிராகன் வேற அதே இடத்தில வரும். அது வந்தா இது இல்ல.

கரண்ட் கட் இன்னும் முடியாத காலம். ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், லெப்டொப்புக்கு பற்றரி, நான் மலைக்கு மேல. "என்னடா, விடிய விடிய வானத்தையே பாத்துக்கொண்டிருக்கிறாய்" எண்டு அம்மா கேப்பா.

நாலாவது கிழமை, சனி இரவு, வந்தது. பேர் எழும்பினது கண்ணில இருக்கு. அடிக்கிற பட்டனை அமத்தினன். அமத்தின கையோட பேர்ப்பட்டை சாம்பலாப் போச்சு. சாம்பல் எண்டா வேறொருத்தன் தொட்டுட்டான் எண்டு அர்த்தம். ஆளைத் தெரியும். பகலும் இரவும் அதே பாறையில நிக்கிறவன், மற்றப் பாறைகளிலயும் கிட்டத்தட்ட அதே பேரில இன்னும் நாலு பேர். அஞ்சும் ஒரே ஆள் எண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன்.

அந்த வருசம் ஜூனில பைக்கோட பெற்றோல் வரிசையில ரெண்டு இரவு படுத்தனான். முன்னுக்கு ஆர் ஆரோ நுழைஞ்சினம். ஜூலையில பெற்றோலைப் பங்கு பிரிக்கிற கியூஆர் முறை வந்திச்சு, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். காணாதுதான். ஆனா விடியப்புறம் வந்தவனுக்கும் 4, மத்தியானம் வந்தவனுக்கும் 4. எனக்கு அது போதும். டிராகன் இல்லாமல் போனது எரியேல்ல, அந்த அஞ்சு பாறைதான் எரிஞ்சது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அண்ணை, எல்லாருக்கும் கிழமைக்கு ஒரு டிராகன் குடுத்தா அதை ஆர் பிறகு திரும்பிப் பாப்பான்? நான் விளையாடுறது ஜென்ஷின், சீட்டிழுப்பு மாதிரி இழுத்து ஆக்களை எடுக்கிற கேம். அரிய ஆள், அதாவது அஞ்சு நட்சத்திரம், விழ ஒரு இழுவைக்கு 0.6 சதவீதம், ஆனா 90க்குள்ள கட்டாயம் ஒண்டு. கேட்ட ஆள் வராட்டி அடுத்த அஞ்சு நட்சத்திரம் அவர்தான். கணக்கு எழுதித்தான் வச்சிருக்கு. கொப்பியில கோடு கீறி எண்ணுறன், இப்ப 71. உங்கட வரிசையை விட இது நேர்மை எண்டுதான் சொல்லுவன். ஒரேயொரு குறை, காசுள்ளவன் ஒரு இரவில முடிக்கிற 90 எனக்கு ரெண்டு மாசம்.

தெஹிவளை அக்கா:
வெளியில நடந்து நடந்து போனில பிராணி பிடிக்கிற போக்கிமொன் கோ எங்கட பக்கம் 2016 டிசம்பரில வந்தது. ரோரோஸ் எண்ட காளை வட அமெரிக்காவில மட்டும்தான். எவ்வளவு நடந்தாலும் காலிமுகத்திடலில கிடைக்காது. டோர்கோல் எண்ட ஆமை எங்கட பக்கத்துச் சாமான், கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிற சித்தியின்ர மகனுக்கு அது கனவு. 2018இல மாத்துற வசதி வந்திச்சு, ஆனா அப்ப ரெண்டு பேரும் 100 மீற்றருக்குள்ள நிக்கோணும். அவன் கலியாணத்துக்கு வரும்வரைக்கும் ஒண்டரை வருசம் ஆமையை வச்சிருந்தன். காலிமுகத்திடலில இஸ்ஸோ வடைக் கடைக்கு முன்னால, எண்ணெய்க் கையோட ஆமைக்குக் காளை மாத்தினம். மாப்பிள்ளை வீட்டார் தேடிக்கொண்டு நிண்டவை.

வெள்ளவத்தை அண்ணை:
தம்பி, 71 எண்டா கிட்டத்தான், இழு. நான் வைரகோசாவை மட்டும் ஒன்பது தரம் கொன்றிருக்கிறன், அதுக்கு ஒருத்தரும் போட்டிக்கு வாறேல்ல. அக்கா, அந்தக் காளைக்கு என்ன பேர் வச்சனீங்கள்?

தெஹிவளை அக்கா:
விசா.