ஸ்டவுட்டில் காபி, கோகோ, மிளகாய்: எப்போது, எவ்வளவு?

வீட்டில் பீர் வடிப்பவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்ன குறிப்புகள் இவை. ஸ்டவுட் என்பது வறுத்த தானியம் சேர்த்த கருப்பு பீர். அடிப்படை ஸ்டவுட் சொதப்பினால் அதன்மேல் எதைப் போட்டாலும் எடுபடாது. 20 லிட்டருக்கு பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) 4.5 கிலோ, ஓட்ஸ் 500 கிராம், கிரிஸ்டல் மால்ட் 350, சாக்லேட் மால்ட் 300, வறுத்த பார்லி 300. 67 டிகிரியில் 1 மணி நேரம் மேஷ், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பது. வடித்த சாற்றில் 7% ஆல்ஃபா (கசப்பு அமிலம்) உள்ள ஹாப்ஸ் பூ 40 கிராம், 60 நிமிடக் கொதி. ஆரம்ப கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்த அடர்த்தி) 1.060 வாக்கில் வரும். 18–20 டிகிரியில் நொதித்தால் 1.016 பக்கம் நிற்கும். காபி சேர்ப்பதாக இருந்தால் வறுத்த பார்லியைப் பாதியாக்குங்கள். கசப்புமேல் கசப்பு ஏறினால் சாம்பலை நக்கியது போலிருக்கும்.

* * *

மேலே சொன்ன கணக்கு சரி. ஒன்று விட்டுப்போயிற்று: கருப்பாக வறுத்த தானியம் மேஷின் பிஎச்-ஐக் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) கீழே இழுக்கும். தண்ணீர் மென்மையானதென்றால் 5.2-க்கும் கீழே போய், பீர் புளிப்பும் காரலுமாக முடியும். வறுத்த தானியங்களை மேஷின் கடைசி 15 நிமிடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் சமையல் சோடாவை 1 கிராம் 1 கிராமாகப் போட்டு அளந்து பாருங்கள்.

* * *

காபியைக் கொதியில் போடவே கூடாது. மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். கொரகொரப்பாக அரைத்த தூள் 120 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், ஃபிரிட்ஜில் 16 மணி நேரம். வடிகட்டி பாட்டிலில் அடைக்கும் அன்று கலக்கவும். முழுக்கொட்டையை வாரக்கணக்கில் ஊறப்போட்டால் பச்சைக் குடைமிளகாய் வாடை வரலாம்.

கோகோ நிப்ஸ் (உடைத்த கோகோ விதை) வேறு கதை. 120 கிராமை 250 மில்லி வோட்காவில் 5 நாள் ஊறவைத்து, வடித்து, ஃப்ரீசரில் வையுங்கள். வோட்கா உறையாது, கோகோ வெண்ணெய் வெள்ளைப் படலமாக மேலே கட்டும். அதைக் காபி ஃபில்டரில் வடித்து எறியுங்கள். கொழுப்பு உள்ளே போனால் நுரை நிற்காது.

* * *

அளவை யாரையும் கேட்க வேண்டாம், கிளாஸைக் கேளுங்கள். 100 மில்லி பீர் எடுத்து, ஊசியில்லாச் சிரிஞ்சால் ஊறல் சாற்றை 0.2 மில்லி விட்டு ருசி பாருங்கள், பிறகு 0.2, இன்னும் 0.1. 0.5 மில்லியில் பிடித்தால் 20 லிட்டருக்கு 100 மில்லி. கோகோ, வெனிலா, மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே முறை. மிளகாயில் மட்டும் பிடித்ததற்கு ஒரு படி கீழே நில்லுங்கள்: காபி மணம் இரண்டு மாதத்தில் மங்கும், காரம் அப்படியே இருக்கும். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஊறப்போடுங்கள்.

* * *

லாக்டோஸ் (பால் சர்க்கரை) போடுபவர்களுக்கு: கொதியின் கடைசி 10 நிமிடத்தில் 300 கிராம். சாதாரண ஏல் ஈஸ்ட் அதைத் தின்னாது. அதனால் இறுதி கிராவிட்டி 6 புள்ளி (0.006) கூடி 1.022-இல் நிற்கும். நொதிப்பு நின்றுவிட்டதென்று பயந்து மறுபடி ஈஸ்ட் கொட்டாதீர்கள். பால் ஒவ்வாதவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

* * *

பேரீச்சை, தேன், பழம் போட்டவர்கள் அவசரப்பட வேண்டாம். அவற்றின் சர்க்கரையை ஈஸ்ட் மறுபடி தின்னும். 3 நாள் இடைவெளியில் இருமுறை ஹைட்ரோமீட்டர் (கிராவிட்டி அளக்கும் கருவி) ஒரே எண் காட்டிய பிறகே, பாட்டிலில் வாயு ஏறுவதற்கான 105 கிராம் சர்க்கரை கரைத்து அடையுங்கள். முந்தினால் பாட்டில் வெடிக்கும்.