ரெண்டர் தொடங்கியதும் கணினி அணைந்துவிடுகிறது: அவசர உதவி தேவை

உப்புவெளி வரைஞன்:
வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (காட்சியைப் படமாக்கும் வேலை) கொடுத்த சில நொடிகளிலேயே, நீலத் திரையோ எச்சரிக்கையோ எதுவுமின்றி என் கணினி அணைந்துவிடுகிறது. மற்ற வேலைகளுக்கு எந்தத் தடையுமில்லை. நாளைக் காலை காணொளியை ஒப்படைக்க வேண்டும், விரைந்து உதவுங்கள்.

வயர்க்காரன்:
தம்பி, எந்த கிராபிக்ஸ் கார்ட், எத்தனை வாட் பவர் சப்ளை, யூபிஎஸ் வழியாகவா இயங்குகிறது?

உவர்மலையான்:
திருகோணமலையில் கடற்காற்றின் உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. கார்டைக் கழற்றி, அதன் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிலாவெளி நண்பன்:
நிச்சயமாகச் சூடுதான். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள்.

கோட்டைவாசல்:
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை இங்கே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுப்பது? விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் கேர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைப் பார்த்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

வயர்க்காரன்:
41 என்பது கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்லும், ஐயா, காரணத்தைச் சொல்லாது. சூடென்றால், கார்ட் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பி, அணையும்போது மொனிட்டரும் சேர்ந்து அணைகிறதா?

உப்புவெளி வரைஞன்:
ஆர்டிஎக்ஸ் 3080, 650 வாட் பவர் சப்ளை, 650 விஏ யூபிஎஸ். மொனிட்டரும் அதே யூபிஎஸ்ஸில்தான் இருக்கிறது, ஆனால் அது அணைவதில்லை. பிறகு பொத்தானை அழுத்தினாலும் கணினி எழும்பாது. பெட்டியின் பின்புற சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழும்பும்.

கோட்டைவாசல்:
650 விஏ யூபிஎஸ்ஸில் 3080! அத்தகைய யூபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவைத்தான் தாங்கும்.

நிலாவெளி நண்பன்:
அந்த அளவு பேட்டரியில் ஓடும்போது மட்டும்தானே? மின்சாரம் இருக்கையில் நேரடியாகத்தானே செல்கிறது?

கோட்டைவாசல்:
நேரடியாகச் சென்றாலும் அதிலுள்ள ரிலேயும் பிரேக்கரும் அந்த அளவுக்கே அமைந்தவை. தோற்றத் திறனான விஏயையும் உண்மைத் திறனான வாட்டையும் ஒன்றென எண்ணுபவர்களோடு வாதிட எனக்கு நேரமில்லை.

வயர்க்காரன்:
யூபிஎஸ் சிறியதுதான், ஆனால் இன்றைய குற்றவாளி அதுவல்ல. அது விழுந்திருந்தால் மொனிட்டரும் கறுத்திருக்கும். பின்புற சுவிட்சைப் போட்டெடுக்கும் வரை எழும்பாமல் இருப்பது, பவர் சப்ளை தன் பாதுகாப்புக்காகத் தானே பூட்டிக்கொண்டதற்கு அறிகுறி. 3080 சராசரியாக 320 வாட் இழுத்தாலும், மில்லி நொடிக் கணக்கில் அதைவிட வெகுவாக மேலே தாவும். அதை வடிவமைத்த என்விடியா 750 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைப்பது அதனால்தான். இன்றிரவுக்கு மட்டும், ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்ட் இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 70 வீதத்துக்குக் குறைத்து ஓடவிடுங்கள். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். கார்டுக்குப் போகும் இரண்டு இணைப்புகளும் ஒரே கேபிளின் இரு தலைகளா என்பதையும் பாருங்கள். அப்படியானால் தனித்தனிக் கேபிள்களாக மாற்றுங்கள்.

உவர்மலையான்:
எதற்கும் உப்பையும் ஒருமுறை பாருங்கள்.

உப்புவெளி வரைஞன்:
70 வீதத்தில் அணையாமல் ஓடுகிறது. ஒரே கேபிள்தான். மிக்க நன்றி, அண்ணா.

வயர்க்காரன்:
நல்லது. இதற்குப் பதிலாக 850 வாட் பவர் சப்ளை வாங்கும்போது பழைய பவர் சப்ளையின் கேபிள்களைப் புதியதில் செருகிவிடாதீர்கள்; முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம், கார்டே எரிந்துவிடக்கூடும்.