வெளுத்துப்போன கார் பிளாஸ்டிக் பாகங்களுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாமா?

மொட்டைமாடிக்காரன்:
வெயிலிலேயே நிற்கும் என் பழைய காரில் சக்கர வளைவைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டைகளும் சைடு மிரர் மூடிகளும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டன. அவற்றைக் கழற்றி மேட் கறுப்பு அடிக்க எண்ணியிருக்கிறேன். சாதாரணச் சாம்பல் நிறப் ப்ரைமரே போதும் என்கிறார் பெயிண்ட் கடைக்காரர்; சில மாதங்களில் உரிந்துவிடும் என்கிறார்கள் பட்டறையில். யார் சொல்வது சரி?

கலவைக்கோப்பை:
அது பிளாஸ்டிக்கின் வகையைப் பொறுத்தது. பாகத்தைக் கழற்றியதும் உட்புறத்தைப் பாருங்கள். பொருளின் பெயர் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். 'ஏபிஎஸ்' என்றிருந்தால் பெயிண்ட் எளிதில் பிடிக்கும், ஆனால் தின்னரோ அசிட்டோனோ கொண்டு துடைத்தால் பிளாஸ்டிக்கே இளகிவிடும். 'பிபி' என்றிருந்தால் அது பாலிபுரோப்பிலீன். மேற்பரப்பு ஆற்றல் குறைவான அந்தப் பொருளில் சாதாரணப் ப்ரைமர் பிடிக்காது என்பதால், குளோரினேற்றிய பாலியோலிஃபின் கலந்த அட்ஹீஷன் ப்ரோமோட்டரை (பெயிண்டைப் பிடிக்கவைக்கும் அடிப்பூச்சை) முதலில் மெல்லியதாக அடித்து, டப்பாவில் குறித்துள்ள நேரத்துக்குள் அடுத்த பூச்சைத் தொடங்கிவிட வேண்டும். நீரில் மிதந்தால் பிபி என்று சொல்லப்படும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். 20 விழுக்காடு டால்க் என்ற கனிமத் தூள் சேர்த்த பிபி மூழ்கிவிடக்கூடும்.

ஈரத்துணி:
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் உரிவதற்குப் பாதிக் காரணம் சுத்தம் செய்யும் வரிசைதான். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஆகியவற்றில் உள்ள சிலிகான் படிந்த இடத்தில் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி நிற்கும். எனவே சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிகானைக் கீறல்களுக்குள் நாமே இறக்கிவிடுவோம். சொரசொரப்பான பட்டைகளில் உப்புத்தாள் போட்டால் மேடுகள் மழுங்கித் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நாரே நல்லது. உண்மையில், சக்கரம் கல்லை வாரியடிக்கும் அந்த இடத்துக்குப் பெயிண்டே தேவையில்லை, பிளாஸ்டிக்குக்கு நிறமேற்றும் ட்ரிம் ரெஸ்டோரர் தடவினால் போதும் என்பது என் எண்ணம்; அது மங்கினால் மறுபடி தடவலாம், உரிந்த பெயிண்டையோ முழுக்கச் சுரண்டியாக வேண்டும்.

மொட்டைமாடிக்காரன்:
பார்த்துவிட்டேன். மிரர் மூடிகளில் 'ஏபிஎஸ்', பட்டைகளில் 'பிபி+ஈபிடிஎம்-டி20', அதாவது ஈபிடிஎம் ரப்பரும் 20 விழுக்காடு டால்க்கும் கலந்த பிபி. ஆகவே மூடிகளுக்கு மட்டும் அடிக்கிறேன். அவற்றின் மேல் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) வேண்டுமா?

கலவைக்கோப்பை:
மேட் பூச்சுக்குக் கட்டாயமில்லை. அடிப்பதானால் மேட் கிளியராகவே வாங்குங்கள், பளபளப்பு வகை மேட் தோற்றத்தையே மாற்றிவிடும். பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் சேர்ந்த 2கே டப்பா அதிகம் உழைக்கும் என்றாலும் அதில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால், துணி முகக்கவசத்தோடு வீட்டில் அதைத் தொடுவது ஆபத்து. ஒற்றைக் கலவையான 1கே போதும். டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 10 நிமிடமாவது விட்டு, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மழை பெய்து காற்று கனத்திருக்கும் நாளில் வேண்டாம்; உலரும்போது ஈரம் படிந்து, கறுப்பின்மேல் வெண்மை படர்ந்துவிடும்.