மறு: ‘சூப்பர்ஷியர்’ நிலநடுக்கத்துக்கு நம் சொல் எது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நிலத்தடிப் பாறை உடைந்துகொண்டே ஓடும் வேகம், அது கிளப்பிவிடும் அதிர்வலையையே முந்திவிட்டால் அதை ஆங்கிலத்தில் ‘சூப்பர்ஷியர்’ என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

மோல்மீன் அண்ணன் ‘மீச்சறுக்கு’ என்கிறார். ரங்கூன் அக்கா ‘அதிவேக நிலநடுக்கம்’ என்கிறார். பெகு ஐயா ‘அலைமுந்தி’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பிடித்தது ஐயாவுடையதுதான், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஆய்வேடு எப்படியும் ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது. பெகு கோயில் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருப்பதுதான் இப்போது கவலை. அங்கே போய் ‘சூப்பர்ஷியர்’ என்று ஆரம்பித்தால் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

பர்மாவில் 2025 மார்ச் 28 அன்று நண்பகல் கடந்ததும் வந்த 7.7 அளவு நிலநடுக்கம் சகாயிங்-மண்டலே பக்கம் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே அது நின்றுவிடவில்லை. சகாயிங் பிளவுப்பெயர்ச்சி (பாறை பிளந்து இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் கோடு) நெடுகத் தெற்கே ஓடி, தலைநகர் நைப்பியிதோவையும் தாண்டியது. உடைந்த நீளம் மொத்தம் 450 கிலோமீட்டருக்கு மேல். பாறை உடைந்துகொண்டே ஓடும் இந்த ஓட்டத்துக்கு ஒரு வேகம் உண்டு. வழக்கமாக அது, தானே கிளப்பிவிடும் எஸ் அலையைவிட (போகும் திசைக்குக் குறுக்காக நிலத்தை ஆட்டும் அலை) சற்று மெதுவாகத்தான் போகும். மேலோட்டில் எஸ் அலை நொடிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர். தெற்கே போன உடைப்போ ஐந்து கிலோமீட்டரை ஒட்டி ஓடியிருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தன் அலையைத் தானே தாண்டிப் போனால், ஐராவதியில் விசைப்படகு போகும்போது இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி விரியுமே, அதே மாதிரி அதிர்வு குவிந்து பக்கவாட்டில் தொலைவுக்கும் பலமாகப் போகும். மக்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> மீயொலி என்கிறோமே, அதே மாதிரி மீச்சறுக்கு.

அண்ணே, மீயொலியிலேயே குழப்பம் இருக்கிறது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பதும் மீயொலி, ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானமும் மீயொலி. அதோடு மீச்சறுக்கு என்றால் கேட்பவர் ‘நிலம் அதிகமாகச் சறுக்கியது’ என்றுதான் எடுத்துக்கொள்வார். சறுக்கிய தூரம் வேறு, உடைப்பு ஓடிய வேகம் வேறு. நைப்பியிதோவுக்குத் தெற்கே ஒரு வயலில் வரப்பு துண்டாகி நிற்பதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மிச்ச வரப்பு வலது கைப் பக்கம் போயிருக்கிறது. அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாலும் வலது பக்கம்தான். நடுவில் மண் சின்னச் சின்ன மேடாகப் புடைத்திருக்கிறது. அந்த வரப்பு நகர்ந்தது சில மீட்டர். அது சறுக்கல். அந்த இடத்தை உடைப்பு எந்த வேகத்தில் கடந்து போனது என்பதை வரப்பைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

> அதிவேகம் என்றாலே எல்லாருக்கும் புரிந்துவிடுமே?

புரிந்த மாதிரி இருக்கும் அக்கா. ஆனால் இது மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூடும் சமாச்சாரம் அல்ல. ரேலி அலையின் (தரையின் மேற்பரப்பை ஒட்டிப் போகும், எஸ் அலையைவிடச் சற்று மெதுவான அலை) வேகத்துக்கும் எஸ் அலையின் வேகத்துக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. இந்த மாதிரிப் பக்கவாட்டுப் பெயர்ச்சியில் உடைப்பு அந்த வேகத்தில் நிலையாக ஓட முடியாது. அதைத் தாண்டிக் குதிக்கத்தான் வேண்டும். எப்படிக் குதிக்கும் என்பதை 1970களிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: முன்னால் ஓடும் எஸ் அலையின் அழுத்தத்தால் உடைப்புக்கு முன்னே குட்டி உடைப்பு ஒன்று பிறந்து, பின்னால் வரும் தாயோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே வேகம் எவ்வளவு என்பதைவிட எதை முந்தியது என்பதைத்தான் சொல் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஐயாவின் ‘முந்தி’ கச்சிதமாக உட்காருகிறது. சிக்கல், எந்த அலையை முந்தியது என்பதில். எல்லாவற்றுக்கும் முதலில் வந்து சேரும் பி அலையை உடைப்பு முந்துவதில்லை. ஒரு கணக்குக்கு, தொடங்கிய இடத்திலிருந்து 100 கிலோமீட்டரில் ஓர் ஊர் என்று வையுங்கள். நொடிக்கு 6 கிலோமீட்டர் போகும் பி அலை 17 நொடிக்குள் வந்துவிடும். 5 கிலோமீட்டரில் ஓடும் உடைப்பு 20ஆவது நொடியில் வரும். தொடங்கிய இடத்திலிருந்து கிளம்பிய எஸ் அலை வந்து சேர 28, 29 நொடி ஆகிவிடும். மெய்த்திலா பக்கம் சூரிய மின் நிலையம் ஒன்றின் கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதிலும் முதலில் அதிர்வு வருகிறது, அப்புறம்தான் வாசலுக்கு அப்பால் இருக்கும் தரை மொத்தமாக நகர்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தார் அந்தக் காட்சியை அளந்து, 1.3 நொடியில் 2.5 மீட்டர் நகர்ந்தது என்று சொன்னார்கள். ‘அலைமுந்தி’ என்று பொதுவாகச் சொன்னால், அதிர்வே இல்லாமல் நிலம் பிளந்தது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். ஏற்கெனவே வதந்திக்குப் பஞ்சமில்லை.

பி அலைக்கு நெட்டலை, எஸ் அலைக்குக் குறுக்கலை என்று இயற்பியலில் சொல் இருக்கிறதே, புதிதாக எதற்குத் தேட வேண்டும்? ‘குறுக்கலைமுந்து’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, உடைப்பு. மேலே நானும் உடைப்பு என்றே எழுதிவந்தேன், ஆனால் நம் ஊர்க்காரருக்கு உடைப்பு என்றால் ஏரிக்கரைதான் ஞாபகம் வரும். முறிவு என்றால் எலும்பு. நான் ‘கிழிவு’ என்று வைக்கிறேன். கிழிசலுக்கு ஒரு முனை உண்டு, அது ஒரு திசையில் ஓடும். கிழிமுனை, கிழிவேகம், கிழிநீளம் என்று குடும்பமே கிடைக்கிறது. முழுச்சொல் குறுக்கலைமுந்து கிழிவு. ஒருமுறை விளக்கிவிட்டால் அப்புறம் முந்துகிழிவு என்றே ஓட்டலாம். சாதாரண நிலநடுக்கத்தில் வருவது பிந்துகிழிவு.

பர்மியர்கள் பிளவுப்பெயர்ச்சியைப் ‘ப்யத்-யுவே’ என்கிறார்கள். அறுவதும் நகர்வதும் ஒரே சொல்லில். நம்முடையதும் அப்படித்தான் அமைந்திருக்கிறது என்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அன்புடன்,
ரங்கூனிலிருந்து

---

தம்பி,

குறுக்கலை சரி, ஒத்துக்கொள்கிறேன். பி அலை விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ‘கிழிவு’ என்று நீ சபையில் சொன்னால் பின்வரிசைப் பையன்கள் “கிழிஞ்சுது போ” என்பார்கள். அதற்குத் தயாராகப் போ.

இன்னொன்று. பெகுவில் அவர்கள் உன்னிடம் கேட்கப்போவது சொல்லைப் பற்றி அல்ல. 1930 மே மாத நிலநடுக்கத்தில் எங்கள் ஊர் ஷ்வேமாடோ பகோடா சாய்ந்த கதையை எங்கள் வீட்டிலெல்லாம் சொல்லி வளர்த்தார்கள். அதே பிளவு எங்கள் ஊர் ஓரமாகத்தான் போகிறது. “இங்கேயும் முந்திக் கிழியுமா?” என்று கேட்பார்கள்.

பெகுவிலிருந்து

---

ஐயா,

நீங்களே ‘முந்திக் கிழியுமா’ என்று வினையாக்கிவிட்டீர்கள். பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும், ஞாபகம் இருக்கும்.

கேள்விக்கு வருகிறேன். நீளமாக, வளைவில்லாமல் போகும் பிளவுகளில்தான் கிழிவு முந்துவதற்கு வாய்ப்பு அதிகம். துருக்கியில் 1999, சீனாவின் குன்லுனில் 2001, அலாஸ்காவில் 2002 என்று பார்த்தவை அந்த மாதிரி இடங்கள். சகாயிங் பிளவும் அந்த ரகம்தான், ஆகவே ‘வராது’ என்று நான் சொல்லமாட்டேன். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். முந்துகிழிவு வந்தால் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நொடிகள் இன்னும் குறையும். அதனால் பேச்சில் பாதியை, செங்கல் சுவரையும் கூரையையும் எப்படிக் கட்டுவது என்பதற்கே ஒதுக்கப்போகிறேன்.

அண்ணனும் அக்காவும் மறுப்புச் சொல்லாவிட்டால் சொற்பட்டியலில் இப்படிப் போட்டுவிடுகிறேன்: ‘குறுக்கலைமுந்து கிழிவு (சுருக்கமாக முந்துகிழிவு): குறுக்கலையை முந்தியும் நெட்டலைக்குப் பிந்தியும் பிளவுப்பெயர்ச்சி நெடுக ஓடும் கிழிவு.’