தனிமைப்படுத்தப்பட்ட வீட்டில் தரம் 5 பிள்ளை: படிப்பையும் மனதையும் எப்படிப் பார்ப்பது?

முத்தையன்கட்டுத் தாய் (ஜூன் 2021)

வணக்கம். கணவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகி அவரைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு சென்ற அன்றே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். பதினான்கு நாட்களில் இன்று ஆறாவது நாள். வீட்டில் நானும் தரம் 5 மகனும் மூன்று வயது மகளும் மாமியாரும் இருக்கிறோம். ஒரேயொரு ஸ்மார்ட் போன் இருக்கிறது. கிணற்றடிக்குப் போனால்தான் அதற்குச் சிக்னல் கிடைக்கும். சூம் வகுப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. ஆசிரியை வட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்புகள் மட்டும் வந்து சேர்கின்றன.

மகன் மூன்று இரவுகளாகப் படுக்கையை நனைக்கிறான். நேற்றுக் காற்றுக்கு அந்த அறிவித்தலின் ஒரு மூலை உரிந்து ஆடியது. அவன் சட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துச் சென்று, மசித்துத் தடவி, அதைத் திரும்ப ஒட்டிவிட்டு வந்தான். கேட்டதற்கு, "கழண்டால் அம்மாவையும் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்" என்றான். மாமியாரோ, "நாங்கள் செல்லடிக்குள்ளையும் பிள்ளையளைப் படிப்பிச்சனாங்கள், உனக்கு வீட்டுக்குள்ள இருக்க என்ன குறை?" என்று போர்க்காலத்தைச் சொல்லி அவனை ஏசுகிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் ஆண்டு என்பதால் எனக்கும் பதற்றமாக இருக்கிறது. நான் முதலில் எதைக் கவனிப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி

பிள்ளை, பரீட்சைத் திகதியை நினைத்துப் பதற வேண்டாம். வழமையாக ஓகஸ்ட்டில் நடக்கும் பரீட்சை சென்ற ஆண்டு ஒக்டோபர் 11 ஆம் திகதிதான் நடந்தது. இம்முறையும் பிந்தினால் நான் வியப்படைய மாட்டேன். அறுந்து அறுந்து வரும் சூம் வகுப்புக்காகப் பிள்ளையைக் கிணற்றடியில் வெயிலில் நிறுத்தி வைப்பதால் பயனில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு காலை எட்டு மணி வரை பாவிக்கும் டேற்றா பொதி இருந்தால், விடியற்காலையில் குறிப்புகளையும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்திலுள்ள பாடங்களையும் இறக்கி வைத்துவிட்டு, பகலில் போனை மூடி வையுங்கள்.

காலையில் ஒரு மணித்தியாலம் போதும். ஒரு பக்கத்தை அவன் கொப்பியில் எழுதட்டும். பின் அதே பக்கத்தைத் தங்கைக்கு உரத்து வாசித்துக் காட்டட்டும். பரீட்சையின் முதலாம் வினாத்தாள் சிந்தனைத் திறனைப் பார்ப்பது. அதற்கு மேசையே தேவையில்லை. கச்சான் உடைக்கும்போது, "ஒரு சுண்டுப் பேணியில் எத்தனை கோது இருக்கும், மூன்று சுண்டென்றால் எத்தனை?" என்று கேளுங்கள், முதலில் அவன் மதிப்பிட்டுச் சொல்லட்டும், பிறகு எண்ணிப் பார்க்கட்டும். பாடசாலையில் செயலட்டைகள் கொடுக்கிறார்களா என்று வகுப்பாசிரியையிடம் விசாரியுங்கள். கொடுத்தால், அயலவர் ஒருவர் வாங்கிவந்து படலையில் வைத்துவிடலாம். எப்படியாயினும் இந்த ஆண்டை விட்டுவிடக் கூடாது.

குடும்பநல உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான் பக்கம்

தங்கச்சி, முன்பு நனைக்காத பிள்ளை, தகப்பனைக் கொண்டு போன பின் நனைக்கத் தொடங்கினால், பெரும்பாலும் அது பயத்தினால் வருவது. அவன் வேண்டுமென்று செய்வதில்லை. ஏசாமல், மற்றவர் முன் சொல்லாமல், பாயை மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். படுக்குமுன் சலம் கழிக்க ஞாபகப்படுத்தினால் போதும். சலம் கழிக்கும்போது எரிவு, காய்ச்சல், அளவுக்கு மிஞ்சிய தண்ணீர்த் தாகம் ஏதாவது இருந்தால் மட்டும் பொறுத்திருக்காமல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அழைப்பு எடுங்கள்.

அதைவிட முக்கியமாக, அந்த அறிவித்தலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். எத்தனையாம் நாள் அது கழற்றப்படும், அப்பா எங்கே இருக்கிறார், அம்மாவை ஏன் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்பதை நேரடியாகச் சொல்லுங்கள்; நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் பிள்ளை தானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தகப்பனோடு ஐந்து நிமிடம் பேச விடுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளைகள் தொடர்பான உதவிக்கு 1929 இருக்கிறது.

புதுக்குடியிருப்பான்

அக்கா, 2009 இல் எனக்குப் பத்து வயது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மனிக்பாம் முகாமுக்குள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருவன். நான் சித்தியடையவில்லை, இன்று அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதுமில்லை. ஆகவே "ஆண்டை விட்டுவிடக் கூடாது" என்று ஐயா சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் சொன்ன கச்சான் கணக்கு நல்லது, செய்யுங்கள். ஆனால் அதைப் பரீட்சைக்காகச் செய்யாமல் பொழுது போவதற்காகச் செய்யுங்கள்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடந்த மாதம் முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டபோது, எங்கள் அம்மாவும் அதே பேச்சைத்தான் தம்பிக்குப் பேசினார். பிறகுதான் கவனித்தேன்: ஒவ்வொரு இரவும் அரிசி வாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவர் படுத்தார். படலையில் ஒட்டிய தாளை அவர்கள் முகாமின் முள்ளுக்கம்பியாகத்தான் பார்க்கிறார்கள். பயம் ஏச்சாக வெளியே வருகிறது. அன்றைக்குச் செல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தாலும், தாய் தகப்பன், அயல் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒன்றாக நெருங்கித்தான் இருந்தோம். உங்கள் மகனுக்கு வெடிச்சத்தம் கேட்கவில்லை என்பது உண்மை, ஆனால் பக்கத்தில் இருக்க ஆட்கள் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவரை எதிர்த்துப் பேசாமல், முகாமில் பிள்ளைகளை யார் படிப்பித்தது, எங்கே இருந்து படித்தார்கள் என்று பேரனையே அவரிடம் கேட்க வையுங்கள். கதை சொல்லும்போது அவருக்கு ஏச நேரமிருக்காது.

முத்தையன்கட்டுத் தாய்

எல்லோருக்கும் நன்றி. இன்று அறிவித்தலை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னும் எட்டு நாள் என்று அவனே கணக்கிட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் எட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறான். மாமியாரிடம் முகாமைப் பற்றிக் கேட்டான். தாய்மார் தண்ணீர் வரிசையில் நின்றபோது, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து பிள்ளைகள் படித்த கதையை அவர் சொன்னார். பின்னேரம் எங்கள் வாளி கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அவன் அதில் இருந்து தங்கைக்கு வாசித்துக்கொண்டிருந்தான். இரவு என்ன ஆகிறது என்று நாளைக்கு எழுதுகிறேன்.