காலி என்று சொல்லிவிட்டேன்: பழைய கணினி படிக்க மறுத்த சிடிகள், உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளித்தட்டு:

அத்தை ஒரு சிடியைக் கொடுத்து, "பழைய வீட்டுப் படமெல்லாம் இதில்தான் இருக்கிறது, பார்த்துச் சொல்லப்பா" என்றார். அந்த வீடு இடிக்கப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. என்னிடம் சிடி டிரைவ் உள்ள ஒரே பெட்டி விண்டோஸ் 98 ஓடும் கிழம். போட்டேன். விளக்கு மின்னியது, டிரைவ் இரண்டு முறை உறுமியது, மூன்று கோப்புகள் தெரிந்தன. மூன்றும் மின்கட்டண ரசீதின் ஸ்கேன். "வீட்டுப் படம் எதுவும் இல்லை அத்தை, காலிதான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை நூலில் கட்டி, செடிகளைக் கொத்த வரும் பறவைகளை விரட்டத் தொங்கவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை அங்கே போயிருந்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சிடி மெதுவாகச் சுழன்று அடிப்பக்கத்தைக் காட்டியது. உள்ளே முக்கால் பாகம் ஒரு நிறம், வெளி விளிம்பு வேறு நிறம். நடுவில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி எல்லைக்கோடு. அந்த முக்கால் பாகத்துக்குள்ளும் மெல்லிய வளையங்கள் மூன்று. மூன்று ரசீதுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்பது நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய பெட்டி:

உங்கள் சிக்கலுக்கு விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். என் கதை வேறு. 1996-இல் வாங்கிய கணினி. நண்பர் கொடுத்த சிடி மட்டும் அதில் ஏறவே இல்லை, மற்றதெல்லாம் ஓடியது. கேபிளை மாற்றினேன். ஒரே கேபிளில் டிரைவ் முதலாவதா (மாஸ்டர்) இரண்டாவதா (ஸ்லேவ்) என்று குறிக்கும் சிறு செருகியான ஜம்பரை மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்கு மாற்றினேன், திரும்பவும் மாஸ்டருக்கே கொண்டுவந்தேன். கடைசியில் டிரைவின் மேல்மூடியையே கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. லென்ஸ் மேலே எழும்பும், கீழே இறங்கும், மறுபடி எழும்பும். மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவர் மேசையைத் தடவுவது போல நாலைந்து முறை தேடிவிட்டு அப்படியே அடங்கிப்போகும்.

அது சிடி-ஆர்டபிள்யூ. அழித்து அழித்து எழுதும் வகை. கடையில் வாங்கும் பாட்டு சிடி விழுகிற ஒளியில் நூற்றுக்கு 70 பங்காவது திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 வரை மட்டுமே. அந்த வகை சந்தைக்கு வந்ததே 1997-இல். என் டிரைவ் பிறந்தபோது அது இல்லை. இரவு முழுக்க ஜம்பரோடு மல்லுக்கட்டியதற்குச் சிடியின் முகப்பில் இருந்த எழுத்தைப் படித்திருக்கலாம்.

தூசிதட்டி:

பழைய பெட்டி அவர்களே, மூடியைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்து உள்ளே எட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு சிறுவன் அதையே செய்வான். சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது, ஆபத்தே அதில்தான். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

என் அனுபவம் சின்னது. நான் பாதுகாத்து வைத்திருந்த ஒரு சிடி ஒருநாள் திடீரென்று திறக்கவில்லை. டிரைவின் லென்ஸில் தூசி. சுத்தம் செய்தேன், சரியாயிற்று. அவ்வளவுதான்.

ஆனால் சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகச் செய்கிறார்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரத்துளி லென்ஸில் படியும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக ஒருபோதும் வேண்டாம். சிடியில் தகவல் சுருளாக ஓடுகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் தொடும். பிழைதிருத்தும் குறியீடு தடத்தின் மேல் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளச் சேதம் வரை தானே நிரப்பிக்கொள்ளும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் கூடவே ஓடும். அதற்கு மருந்தில்லை. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த சிடியை உடனே போடாதீர்கள், பனித்துளி படிந்திருக்கும், அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெள்ளித்தட்டு முதலில் வேறொரு நல்ல சிடியைப் போட்டுப் பார்க்கட்டும். அதுவும் ஓடவில்லை என்றால் டிரைவ், ஓடினால் சிடி. இந்த எளிய சோதனையைச் செய்யாமலே எல்லோரும் பெட்டியைப் பிரிக்கிறார்கள்.

கீறல்:

தூசிதட்டி ஐயா அடிப்பக்கத்தைப் பற்றியே பேசுகிறார். என்னைக் கொன்றது மேல்பக்கம்.

என் முதல் கதைகள், சுமார் நாற்பது, ஒரு சிடியில் இருந்தன. ஒரு கோப்பில் மட்டும் நகலெடுப்பது நின்றுவிடும். எப்போதும் அதே கோப்பு. யாரோ பற்பசை தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன். பனிமூட்டம் போல ஆயிற்று, நின்றுபோகும் கோப்புகள் ஒன்பது ஆயின. கடைசியில் சிடியை மேசை விளக்குக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது. உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் சேர்ந்து எண்களாகத் தெரிந்தன. தேதி. நான் என் கையால், பந்துமுனைப் பேனாவால், அழுத்தி எழுதிய தேதி.

சிடியில் தகவல் அடிப்பக்கத்தில் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் கீழே இருக்கிறது, தகவலும் பளபளப்பு உலோகப் படலமும் மேலே, பெயர் எழுதும் பூச்சுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடியில் கீறினால் தேய்த்துச் சமன்படுத்தலாம். மேலே பேனா முனை இறங்கினால் இறங்கியதுதான். டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. அந்தக் கதைகளில் ஒன்றின் தலைப்பு மட்டும் நினைவிருக்கிறது, கதை நினைவில்லை.

நிழல்:

நான் டிவிடியைச் சிடி டிரைவில் போட்டுவிட்டு இரண்டு நாள் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள்.

சுழலி:

என்னுடையது படிக்காத கதை இல்லை, வெடித்த கதை. 52எக்ஸ் டிரைவ், அதாவது பாட்டு சிடி ஓடும் வேகத்தைப் போல 52 மடங்கு வரை படிப்பது. மென்பொருள் சிடி ஒன்று தடுமாறித் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தது. வேகம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. விசிலடிப்பது போல ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரே அடி. கணினியே மேசையில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. டிரேயைத் திறந்தால் வெள்ளித்துண்டுகள் கொட்டின. முன்பக்க மூடி அறையின் மறுகோடியில் கிடந்தது. அந்தத் துண்டுகளில் ஒன்றை வைத்திருக்கிறேன், கத்தி மாதிரி இருக்கிறது.

அந்த வேகத்தில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும். நடுத்துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்ததை முன்பே பார்த்திருந்தேன், பொருட்படுத்தவில்லை. தூசிதட்டி ஐயா, "வேறு நல்ல சிடியைப் போட்டுப் பாருங்கள்" என்கிறீர்கள், சரி. அதற்கு முன்னால் நடுத்துளையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள் என்றும் சேர்த்திருக்கலாம்.

தூசிதட்டி:

விரிசல் விட்ட சிடியைப் போடக் கூடாது என்று தனியாக எழுத வேண்டுமா தம்பி?

சுழலி:

வேண்டும் ஐயா. எனக்கு யாராவது எழுதியிருந்தால் ஒரு டிரைவ் மிஞ்சியிருக்கும்.

இரவுப்பறவை:

சண்டை வேண்டாம். ஒருவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கெட்ட சிடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் நல்ல சிடியும் பிறகு மெதுவாகிவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் நேர்ந்தது. கீறல் விழுந்த சிடியோடு ஒரு மாலை போராடினேன். மறுநாள் புத்தம்புது சிடியைப் போட்டால் மவுஸ் அம்புக்குறி சேற்றில் நடப்பது போல நகர்ந்தது. டிரைவ் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டினேன். அதுவும் அப்படியே!

பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்தால் டிரைவைக் கணினியோடு சேர்க்கும் ஐடிஈ இணைப்பை எக்ஸ்பி படிப்படியாகக் கீழிறக்கி, கடைசியில் தகவல் நேரே நினைவகத்துக்குப் போகும் டிஎம்ஏ முறையிலிருந்து, பிராசஸரே சுமக்கும் மெதுவான பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும். தானாக மேலே ஏற்றாது. விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஈ சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தேன், சரியாயிற்று. பழைய டிரைவில் குற்றமே இல்லை. தூக்கிப் போட்டிருந்தேன்.

அந்தக் கீறல் சிடியை மீட்டது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிக்கொள்ளும், படிக்காத இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டு பிறகு அவற்றோடு மல்லுக்கட்டும். ஒரு டிரைவில் இரவு முழுக்க ஓடியும் மிச்சம் 14 கிலோபைட். எண் அசையவில்லை. விடிந்ததும் சிடியை ஒரு மடிக்கணினியின் டிரைவுக்கு மாற்றி, அதே மேப் கோப்பைக் கொடுத்தேன். பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் பூஜ்யம். ஒரு லேசருக்குக் குருடான இடம் இன்னொன்றுக்குத் தெரிகிறது, காரணம் கேட்காதீர்கள்.

பூஜ்யமும் ஒன்றும்:

இத்தனை பேர் பேசியும் வெள்ளித்தட்டுக்குப் பதில் வரவில்லை. அவர் சிடியில் தூசியும் இல்லை, கீறலும் இல்லை, டிரைவும் நன்றாகவே இருக்கிறது. அந்த மூன்று வளையங்கள்தான் விடை. ஒவ்வொரு முறை பதியும்போதும் ஒரு செஷன் திறந்து மூடப்படும், இரண்டு செஷன்களுக்கு நடுவில் அந்த மெல்லிய கோடு விழும். மூன்று கோடு என்றால் நான்கு செஷன். முந்தைய செஷனின் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளாமல் புதிதாகப் பதிந்தால், விண்டோஸ் கடைசிப் பட்டியலை மட்டும் காட்டும். யாரோ ரசீதுகளைக் கடைசியாகப் பதிந்திருக்கிறார்கள். படங்கள் அடியில் அப்படியே இருக்கும். அட்டவணையில் பெயர் இல்லை என்பதற்காக அத்தியாயம் கிழிந்துவிட்டதா என்ன? ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளில் திறந்தால் எல்லா செஷனும் தனித்தனியாகத் தெரியும்.

எனக்கும் இப்படி ஒன்று உண்டு. விண்டோஸ் விஸ்டாவில் இழுத்துப் போட்டுப் பதிந்த சிடியை அலுவலகத்தில் இருந்த விண்டோஸ் 2000 கணினிக்குக் கொண்டுபோனேன். விஸ்டா தானாகத் தேர்ந்தெடுப்பது யூடிஎஃப் 2.01, கோப்புகளைச் சிடியில் அடுக்கும் ஒரு வடிவம். விண்டோஸ் 2000-க்கு யூடிஎஃப் 1.50 வரைதான் தெரியும். எல்லோரும் காத்திருக்க, திரையில் வெற்றுக் கோப்புறை. அறிக்கை வீட்டிலேயே இருக்கிறதா என்று மேலதிகாரி கேட்டார். கையில்தான் இருந்தது.

வெள்ளித்தட்டு, ஒன்று மட்டும். சிடி-ஆர், அதாவது எழுதியதை அழிக்க முடியாத வகை, தகவலைச் சாயத்தில் பதிந்து வைக்கிறது; அந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும். இன்றைக்கே கழற்றுங்கள்.

வெள்ளித்தட்டு:

நேற்று இரவே போனேன். டார்ச் வெளிச்சத்தில் நூலை அறுத்தேன். அடிப்பக்கத்து எல்லைக்கோடு முன்பு பார்த்த அளவு தெளிவாக இல்லை, நிறம் வெளிறியிருந்தது. விளிம்பில் மழைக்கறை. நடுத்துளையைத் தடவிப் பார்த்தேன், விரிசல் இல்லை (நன்றி, சுழலி). நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைத்தேன் (நன்றி, ஐயா).

நான்கு செஷன். பூஜ்யமும் ஒன்றும் சொன்னது போலவே. முதல் இரண்டின் பட்டியல் முழுதாக வந்தது: 61 படங்கள், பெயர்களோடு. திண்ணை 1, திண்ணை 2, கிணறு, மாடிப்படி, அப்பா நாற்காலி. மூன்றாவது திறக்கவில்லை. 61-இல் 23 முழுதாகத் திறக்கின்றன. மற்றவை பாதி வரை வந்து, அதற்குக் கீழே சாம்பல் பட்டையாக நிற்கின்றன. "அப்பா நாற்காலி" படத்தில் ஜன்னலும் நாற்காலியின் முதுகும் தெரிகின்றன. உட்கார்ந்திருப்பவரின் நெற்றியோடு படம் நின்றுவிடுகிறது.

டிடிரெஸ்க்யூ ஓடிக்கொண்டிருக்கிறது, பத்து மணி நேரம் ஆகிறது. இரண்டாவது டிரைவுக்கு நாளை ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

காலையில் அத்தை தொலைபேசியில், "அந்தத் தட்டைக் காணோம், காற்றில் விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். நான்தான் எடுத்துவந்தேன் என்றேன். "காலித்தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் அத்தை என்று வைத்துவிட்டேன்.