பாட்டி உள்ளே வரவில்லை

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பிரிந்த தம்பதிகளை உட்கார வைத்துச் சமரசம் பேசும் ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். இங்கே பிள்ளை யாரிடம் வளர்வது என்று கோர்ட்டுக்குப் போகுமுன், வீட்டில் அடிதடி மாதிரி சில விலக்குகள் தவிர, பேசிப் பார்த்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு குடும்பம் வந்தது, அந்த ஊர்ப் பக்கத்துப் பழங்குடிகளான அரெண்டா மக்கள். அப்பா, அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி. நாற்காலிகளை எதிரெதிரே போட்டேன். பாட்டி உள்ளேயே வரவில்லை. அந்த அப்பா தலை நிமிராமல் எதைக் கேட்டாலும் "யெஸ்" என்றார், நானும் முக்கால் மணி நேரத்தில் உடன்பாடு எழுதி முடித்த பெருமையில் வெளியே வந்தேன். கூட வேலை பார்த்த அரெண்டா அக்காதான் சொன்னார்: மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள், அது பகை இல்லை, மரியாதை, அந்த யெஸ்ஸும் சம்மதம் இல்லை, ஆளை விடு என்று அர்த்தம். பத்து நாளில் உடன்பாடு காற்றோடு போச்சு.

அடுத்த தடவை அக்கா நடத்தினார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே மர நிழல். பாட்டி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அக்கா நடுவில் நடந்து நடந்து பேச்சைக் கொண்டு போனார். பிள்ளைக்கு அம்மா யார் என்றால் மூன்று பேரைச் சொன்னார்கள், அம்மாவின் அக்கா தங்கையும் அங்கே அம்மாதான். பெரியம்மா, சித்தி என்று வளர்ந்த எனக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆகியிருக்கக் கூடாது! பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் உறவுமுறைக் கடமைகளைக் கோர்ட் கவனிக்க வேண்டும் என்று குடும்பச் சட்டத்தில் 61எஃப் பிரிவே இருக்கிறது. எங்கள் படிவத்தில் பெற்றோருக்கு இரண்டே கட்டம். அந்தப் பாட்டியோ, பிள்ளைகளை அரசாங்கமே பிடுங்கிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவர். படிவத்தைத் தொடவே இல்லை.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ன்ஸில் நர்ஸ். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனைக்கு அப்பால் இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்களிடம் பிள்ளையை உறவுக்காரருக்கே பிள்ளையாகக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. வளர்ப்பது ஒருவர், பிறப்புச் சான்றிதழில் வேறொருவர், ஆஸ்பத்திரியில் கையெழுத்து யார் போடுவது என்று நாங்கள் முழிப்போம். 2020இல் குயின்ஸ்லாந்து இதற்கென்றே சட்டம் போட்டது. பெற்றவர்களும் வளர்ப்பவர்களும் சம்மதித்தால், சட்டப்படி பெற்றோர் யார் என்பதைத் தீவுக்காரரான ஓர் ஆணையரே முடிவு செய்வார். அப்புறம், சாவுச் சடங்கு நாட்களில் சமரசப் பேச்சுக்கு வராதவர்களை "ஒத்துழைக்கவில்லை" என்று உங்கள் இடத்தில் எழுதுவார்களா?

*

எழுதினோம். முதல் வருஷம் நானே இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறேன்.